கண்டதை முதலில் சொல்லுங்கள்

(தாம்பரத்தில் முனைவர் பட்ட ஆய்வு மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அப்ஸ்ட்ராக்ட் எழுதுவது எப்படி, பத்து நிமிடத்தில் பேசுவது எப்படி என்று சொல்லச் சொல்லி என்னை அழைத்திருக்கிறீர்கள். அதற்கு முன் நாம் உட்கார்ந்திருக்கும் இந்த வட்டாரத்தைக் கொஞ்சம் பார்த்துக்கொள்வோம். 1837இல் நகரத்துக்குள் தொடங்கிய சென்னைக் கிறித்தவக் கல்லூரி, 1937இல் தாம்பரத்துக் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. குரோம்பேட்டையில் சி. ராஜம் 1949இல் மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியை, அதாவது எம்.ஐ.டி.யைத் தொடங்கினார். தாம்பரம் சானடோரியத்தில் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்குகிறது. கிழக்கே பள்ளிக்கரணையில் கடல் தொழில்நுட்பத்துக்கு ஒரு தேசிய நிறுவனம், காற்றாற்றலுக்கு இன்னொன்று. தெற்கே வண்டலூரில் வனவிலங்கு ஆய்வு. பல்லாவரம், சேலையூர், வண்டலூர், காட்டாங்குளத்தூர் என்று வழிநெடுகத் தனியார் பல்கலைக்கழகங்கள். ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இத்தனை ஆய்வுக்கூடங்கள் இருக்கும் இடங்கள் நாட்டில் அதிகம் இல்லை.

ஆனால் ஒரு வளாகத்தில் என்ன ஆராய்கிறார்கள் என்பது மதில் சுவருக்கு அந்தப் பக்கம் தெரிவதில்லை. ஒரே வளாகத்துக்குள்ளேயே வேதியியல் துறையில் நடப்பது தாவரவியல் துறைக்குத் தெரியாது. இந்த அறியாமையைப் போக்கத்தான், எல்லாத் துறை மாணவர்களும் தம் ஆய்வை ஒரே அவையில் சொல்லும் ஆய்வு நாள் இருக்கிறது. உங்கள் கைடு உங்கள் ஆய்வை ஏற்கெனவே அறிந்தவர். டாக்டரல் கமிட்டி (டி.சி.) மீட்டிங்கில் உட்காருகிறவர்களும் அறிந்தவர்கள். ஆய்வு நாளன்று எதிரே இருப்பவர் அப்படியில்லை. அவர் புத்திசாலி, அக்கறையோடு கேட்க வந்தவர், ஆனால் உங்கள் துறை தெரியாதவர். அவருக்காக எழுத வேண்டும், அவருக்காகப் பேச வேண்டும். இன்று நான் சொல்லப்போவதெல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

அப்ஸ்ட்ராக்ட்களைப் படித்துத் தேர்ந்தெடுக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்திருக்கிறேன். ஒன்றின்பின் ஒன்றாகப் படிக்கும்போது ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வரும்: "முடிவுகள் விரிவாக விவாதிக்கப்படும்." யார் விவாதிப்பார்? எப்போது? என்ன முடிவு? படிப்பவருக்கு எதுவும் கிடைப்பதில்லை. நான்கு வருட உழைப்பை முந்நூறு சொற்களில் சொல்லக் கிடைத்த இடத்தில், சொல்லாமல் விடுவதற்கென்றே ஒரு வாக்கியத்தைச் செலவழிக்கிறோம். சொல்ல எதுவுமில்லாதவர்கள் மட்டும் இப்படி எழுதுவதில்லை. அருமையான முடிவைக் கையில் வைத்திருப்பவர்களும் எழுதுகிறார்கள், சீனியர் எழுதினார், நாமும் எழுதுவோம் என்று. இந்தப் பழக்கத்தை இந்தத் தலைமுறையோடு நிறுத்துங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

நல்ல ஆய்வு எப்படித் தன்னைச் சொல்லிக்கொள்ளும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. மின்சார ரயிலில் போகும்போது 'தாம்பரம் சானடோரியம்' என்று ஸ்டேஷன் பெயரைப் பார்க்கிறோமே, 1928இல் டாக்டர் டேவிட் சவுரி முத்து அங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர் அது. அந்தக் காலத்தில் காசநோய்க்கு வைத்தியம் என்றால் ஊருக்கு வெளியே காற்றோட்டமான இடம், சத்தான சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை ஓய்வு. பிறகு மருந்துகள் வந்தன. வந்தபின் ஒரு கேள்வி எழுந்தது: மருந்து வேலை செய்கிறதென்றால், நோயாளி சானடோரியத்தில்தான் இருக்க வேண்டுமா? நோயாளிகளோ லட்சக்கணக்கில் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் படுக்கை போட எந்த அரசாலும் முடியாது.

1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சைக்கான ஆய்வு மையம் ஒன்று தொடங்கப்பட்டது. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை சேர்ந்து அமைத்தது அது. சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரைத் தற்செயல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிட்டார்கள். நெரிசலான வீடு, போதாத உணவு, வேலைக்கும் போக வேண்டிய நிலை. மற்றவர்கள் சானடோரியத்தில் நல்ல உணவோடும் கவனிப்போடும் அதே மருந்தைச் சாப்பிட்டார்கள். ஓராண்டு முடிவில் நோய்க்கிருமி அடங்கிய நிலையை எட்டியவர்கள் வீட்டில் 86 விழுக்காடு, சானடோரியத்தில் 92 விழுக்காடு. உலகமெங்கும் காசநோய்ச் சிகிச்சையை மருத்துவமனைக் கட்டிலிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்ததில் இந்தச் சென்னை ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு.

1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியான அந்த அறிக்கை தொண்ணூறு பக்கங்களுக்கும் மேல் நீளும். நான் அதை உங்களுக்கு ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டேன். சொல்ல முடிந்ததற்குக் காரணம் என் சாமர்த்தியமில்லை. கேள்வி தெளிவாக இருந்தது, யாரை எதோடு ஒப்பிட்டார்கள் என்பது தெளிவாக இருந்தது, கிடைத்த விடை எண்ணாக இருந்தது. தலைப்பையும் பாருங்கள்: தென்னிந்தியாவில் நுரையீரல் காசநோய்க்கு வீட்டுச் சிகிச்சையையும் சானடோரியம் சிகிச்சையையும் ஒரே காலத்தில் ஒப்பிடுதல் என்று பொருள்படும் தலைப்பு. எந்த ஊர், எந்த நோய், எதற்கு எதிராக எது, எல்லாம் தலைப்பிலேயே இருக்கிறது. அதோடு, 86க்கும் 92க்கும் இடையில் இருக்கும் வித்தியாசத்தை அவர்கள் மறைக்கவில்லை. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். படிப்பவர் தாமே எடைபோட முடிந்தது.

இப்போது ஓர் அப்ஸ்ட்ராக்டைக் கையில் எடுப்போம். எடுத்துக்காட்டுக்காக நானே கட்டியது, எண்களும் கற்பனையே. தாம்பரத்தை ஒட்டிய ஏதோ ஓர் ஏரி, அதன் கரையோரக் கிணறுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக வருவது இப்படி இருக்கும்:

"நீர் உயிர்களின் ஆதாரம். இன்றைய வேகமான நகரமயமாதலால் நீர்நிலைகள் பெரும் பாதிப்புக்கு உள்ளாகி வருகின்றன. இந்நிலையில் புறநகர்ப் பகுதியின் நிலத்தடி நீரின் தரத்தை அறிவது இன்றியமையாததாகிறது. பல்வேறு இடங்களில் நீர் மாதிரிகள் சேகரிக்கப்பட்டு, பல்வேறு அளவுருக்கள் தரமான முறைகளில் பகுப்பாய்வு செய்யப்பட்டன. முடிவுகள் விரிவாக விவாதிக்கப்படும்."

இதில் எந்த வாக்கியமும் பொய்யில்லை. ஆனால் இதை மதுரைக்கும் மாற்றலாம், மைசூருக்கும் மாற்றலாம். ஒரு கிணற்றுக்குள்கூட எட்டிப் பார்க்காமலே எழுதிவிடலாம். அதே ஆய்வை இப்படியும் சொல்லலாம்:

"கழிவுநீர் சேரும் ஓர் ஏரியின் கரையிலிருந்து எவ்வளவு தூரம் வரை கிணற்று நீர் கெடுகிறது என்று ஆராய்ந்தோம். ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் 40 வீட்டுக் கிணறுகளில் கோடையில் ஒரு முறையும் வடகிழக்குப் பருவமழை முடிந்தபின் ஒரு முறையும் நைட்ரேட் அளந்தோம். கோடையில், கரையிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்த 14 கிணறுகளில் 11இல் நைட்ரேட், குடிநீர்த் தர வரம்பான லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டியது. 500 மீட்டருக்கு அப்பால் ஒன்றிலும் தாண்டவில்லை. மழைக்குப்பின் தாண்டியவை 4 மட்டுமே. ஆழ்துளைக் கிணறுகளை இந்த ஆய்வு சேர்க்கவில்லை. கரையோர வீடுகளுக்காவது கோடையில் மாற்றுக் குடிநீர் தேவை என்று இது காட்டுகிறது."

முதலில் 'நீர் உயிர்களின் ஆதாரம்' போனது. அதை யாரும் மறுக்கப்போவதில்லை, ஆகவே சொல்லவும் தேவையில்லை. 'பல்வேறு' என்ற சொல் வந்த இடத்திலெல்லாம் ஓர் எண் வந்து உட்கார்ந்தது. 'பல்வேறு' என்று எழுதத் தோன்றும்போதெல்லாம் உங்களிடம் ஓர் எண் இருக்கிறது, அதை நீங்கள் சொல்லவில்லை என்று பொருள். அளந்தது எது, எப்போது, எதோடு ஒப்பிட்டு என்பதெல்லாம் வந்தது. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது ஆழ்துளைக் கிணற்றைப் பற்றிய வாக்கியம். தன் ஆய்வு எங்கே நிற்கிறது என்று தானே சொல்பவரை அவை நம்பும். கேள்வி நேரத்தில் இன்னொருவர் வந்து அதைச் சுட்டிக்காட்ட வேண்டியிருக்காது.

சவுரி முத்துவின் பெயரைச் சொன்னதால் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. தாம்பரத்துக்கு வரும் முன் அவர் இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் ஒரு சானடோரியம் நடத்தினார். 1917இல் அங்கே அவரிடம் சிகிச்சைக்கு இருந்தவர்களில் ஒருவர் கணித மேதை ராமானுஜன். அந்த ராமானுஜனை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனது எது? சென்னைத் துறைமுக அலுவலகக் குமாஸ்தாவாக இருந்தபோது 1913 ஜனவரியில் அவர் இங்கிலாந்துக் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதம். தான் யார் என்று சில வரிகள், பிறகு நேராகத் தேற்றங்கள், பக்கம் பக்கமாக. ஹார்டி நிமிர்ந்து உட்கார்ந்தது அந்த முடிவுகளைப் பார்த்துத்தான். ஆனால் பதில் எழுதியபோது அவர் முதலில் கேட்டது நிரூபணங்களை. முடிவு இருந்தால் கேட்பவர் திரும்பிப் பார்ப்பார். எப்படித் தெரியும் என்று காட்டினால்தான் தொடர்ந்து கேட்பார். அப்ஸ்ட்ராக்டில் இரண்டுக்கும் இடம் வைக்க வேண்டும்.

"ஐயா, நாங்கள் தமிழ்த்துறை, வரலாற்றுத் துறை; எங்களுக்கு எண் எங்கே இருக்கிறது?" என்று சிலர் நினைப்பது புரிகிறது. உங்களுக்கு எண் கட்டாயமில்லை, ஆனால் வாதம் கட்டாயம். வழக்கமாக வரும் தலைப்புகளைப் பாருங்கள்: இன்னாரின் நாவல்களில் பெண்கள், ஓர் ஆய்வு. இன்ன வட்டார வழக்காறுகள், ஓர் ஆய்வு. 'ஓர் ஆய்வு' என்பது என்ன தலைப்பு? ஆய்வு நாளில் படிக்கப்படுவது எல்லாம் ஆய்வுதானே! நீங்கள் இருபது நாவல்களைப் படித்தபின் எதை நம்புகிறீர்கள், யார் சொன்னதை மறுக்கிறீர்கள், எந்த இரண்டு பகுதிகளை வைத்து அதை நிறுவுகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். மறுக்கத்தக்க ஒரு கூற்றாவது இல்லாத அப்ஸ்ட்ராக்டைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது என் கருத்து. கடுமையான கருத்துதான், ஆனால் மாணவருக்கு நன்மை செய்வது அதுதான்.

அறிவியலும் பண்பாடும் ஒன்றையொன்று புரிந்துகொள்ள முடியாது என்று யாராவது சொன்னால், இதே தாம்பரத்தில் கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியல் துறைத் தலைவராக இருந்த கிஃப்ட் சிரோமணியை அவருக்குச் சொல்லுங்கள். 1932இல் பிறந்து 1988இல் மறைந்தவர். கணிதத்தையும் புள்ளியியலையும் எடுத்துக்கொண்டு பழந்தமிழ் எழுத்துகள், மாமல்லபுரச் சிற்பங்களின் ஆடை அணிகள் என்றெல்லாம் போனவர். அவரும், கோட்பாட்டுக் கணினியியல் அறிஞரான ராணி சிரோமணியும், பின்னாளில் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியரான கமலா கிருத்திவாசனும் சேர்ந்து 1974இல் கோலத்தைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள்.

வாசலில் புள்ளி வைத்து இழுக்கும் கம்பிக் கோலத்தில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. சின்னக் கோலத்தை அதே விதியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பெரிதாக்கலாம். மொழிக்கு இலக்கணம் எழுதுவதுபோல, எந்தத் துணுக்குக்குப் பக்கத்தில் எது வரலாம் என்று படத்துக்கும் விதிகள் எழுதலாம். அந்த விதிகளிலிருந்து ஒரு குடும்பக் கோலங்கள் முழுவதும் வந்துவிடும். இதுதான் அவர்கள் சொன்னது. கணினியியலில் படங்களைப் பற்றிய கோட்பாடு வளர்ந்துகொண்டிருந்த நேரத்தில், அதற்கு ஒரு வளமான எடுத்துக்காட்டு மார்கழி வாசலிலிருந்து போயிற்று. அந்தக் கட்டுரைத் தலைப்பில் இருந்தவை கணித இலக்கண வகையின் பெயரும் கோலம் என்ற நம் சொல்லும் மட்டும்தான். கோலம் போடும் பெண்ணும் கணினி விஞ்ஞானியும் அந்தத் தலைப்பில் ஆளுக்கு ஒரு சொல்லை அடையாளம் கண்டுகொள்வார்கள். உங்கள் தலைப்பில் வேறு துறைக்காரர் பிடித்துக்கொள்ள ஒரு சொல்லாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களிடம் முடிவு இன்னும் இருக்காது. இருப்பதாகக் காட்ட வேண்டாம். கேள்வி என்ன, அதை எப்படி அணுகுகிறீர்கள், இதுவரை பார்த்ததில் உங்களைத் தயங்க வைத்தது எது என்று சொல்லுங்கள். 'இன்னும் முடிவு வரவில்லை' என்று எழுதுவது குறையில்லை. அந்த நிலையில்தான் அடுத்த துறைக்காரர் சொல்லும் யோசனை உங்களுக்கு மிகவும் பயன்படும்.

இனி பேச்சுக்கு வருவோம். உங்களுக்குப் பத்து நிமிடம்; எட்டு நிமிடம் பேச, இரண்டு நிமிடம் கேள்விக்கு. தாம்பரத்தில் ரயில் ஏறினால் பல்லாவரம் வருவதற்குள் முடிந்துவிடும் நேரம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008இல் தொடங்கிய போட்டியில் முழு ஆய்வேட்டையும் மூன்றே நிமிடத்தில், ஒரே ஸ்லைடை வைத்துச் சொல்ல வேண்டும். அது இன்று உலகமெங்கும் நடக்கிறது. ஆகவே எட்டு நிமிடம் போதாது என்று சொல்லாதீர்கள். ஆனால் நாம் வழக்கமாகச் செய்வது என்ன? தலைப்பு ஸ்லைடு, பொருளடக்க ஸ்லைடு, முன்னோர் ஆய்வுகள் என்று மூன்று ஸ்லைடு, நோக்கங்கள் ஐந்து. மணி அடிக்கும்போது நாம் ஆய்வு முறைக்குத்தான் வந்திருப்போம். முடிவு இருக்கும் ஸ்லைடுகளைக் கடகடவென்று தள்ளிவிட்டு 'நன்றி' போடுகிறோம். இதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். மூன்று வருடம் வெயிலில் அலைந்து சேகரித்த தரவு கண் இமைக்கும் நேரத்தில் கடந்து போகும். கேள்வியை முதல் ஸ்லைடில் வையுங்கள், விடையை இரண்டாவதில். மிச்ச நேரமெல்லாம் அந்த விடையை ஏன் நம்ப வேண்டும் என்பதற்கு.

ஆய்வேட்டிலிருக்கும் அட்டவணையை அப்படியே ஸ்லைடில் ஒட்டாதீர்கள். அறுபது கட்டங்களில் நீங்கள் பேசப்போவது இரண்டைப் பற்றித்தான் என்றால் இரண்டை மட்டும் பெரிதாகப் போடுங்கள். வரைபடத்தில் கீழ்க்கோடு எதைக் குறிக்கிறது, நிமிர்ந்த கோடு எதைக் குறிக்கிறது, அலகு என்ன என்று வாயால் சொல்லிவிட்டுப் பிறகு விளக்கத்துக்குப் போங்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவரைப் படிக்கச் சொல்லிப் பாருங்கள்.

தமிழில் ஸ்லைடு போடுகிறவர்கள் கவனிக்க: பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குவியலாகத் தெரியும். மேடையேறிய பின் திரையில் அதைப் பார்த்து மாணவர்கள் உறைந்து நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள், பிடிஎஃப் ஆகவும் ஒரு பிரதியைப் பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள், முன்தினமே அந்த அறையின் கணினியில் ஒரு முறை ஓடவிட்டுப் பாருங்கள். போஸ்டர் போடுகிறவர்கள் கடையில் கொடுக்கும் முன் அளவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஏ0 என்றால் 841க்கு 1189 மில்லிமீட்டர். படத்தைப் போனிலிருந்து எடுத்துக் கொடுத்தால் அந்த அளவில் மங்கிப் போகும்.

ஆங்கிலத்தைப் பற்றிய அச்சம் உங்களில் பலருக்கு இருக்கிறது. பொருள் புரியாததாலும் பேச்சு தடுமாறும். மொழி வராததாலும் தடுமாறும். இரண்டும் வேறு வேறு. எது உங்கள் சிக்கல் என்று தெரிய வேண்டுமானால் ஆய்வை முதலில் தமிழில், வீட்டிலுள்ள ஒருவருக்குச் சொல்லிப் பாருங்கள். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்துக்கொண்டிருந்த அப்துல் கலாம், அங்குள்ள தமிழ்ச் சங்கம் நடத்திய போட்டிக்கு நம் விமானத்தை நாமே கட்டுவோம் என்ற கருத்தில் தமிழில் ஒரு கட்டுரை எழுதினார். முதல் பரிசு கிடைத்தது. கொடுத்தவர் ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன். இதைக் கலாமே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். விமானத்தைத் தமிழில் விளக்கத் தெரிந்தவருக்கு அதை எந்த மொழியிலும் விளக்கும் தெளிவு கைவந்துவிடுகிறது. தமிழில் சொல்ல முடியாமல் நிற்கும் இடம் எதுவோ, அந்த இடம் உங்களுக்கே இன்னும் விளங்கவில்லை. கைடிடம் போய்க் கேட்க வேண்டிய இடம் அதுதான்.

கேள்வி நேரத்தில் கேள்வியை முழுதாகக் கேளுங்கள். கேட்டவர் முடிக்கும் முன் பதில் தொடங்காதீர்கள். 'தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்' என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. அவையில் உட்கார்ந்திருக்கும் கைடுகளுக்கும் பணிவோடு ஒரு விண்ணப்பம்: மாணவரிடம் கேட்ட கேள்விக்கு நாம் எழுந்து பதில் சொல்ல வேண்டாம். அது அவர்களின் மேடை.

எதற்காகப் பேசுகிறோம் என்பதையும் யோசியுங்கள். 2016ஆம் ஆண்டின் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிமுறை, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் இரண்டு கருத்தரங்குகளில் கட்டுரை வாசித்திருக்க வேண்டும் என்றது. பணம் கட்டினால் சான்றிதழ் தரும் கருத்தரங்குகள் பெருகியதற்கு அந்தக் கட்டாயமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். 2022 நவம்பரில் வந்த விதிமுறை அதை எடுத்துவிட்டது. பல்கலைக்கழகங்கள் தம் அளவில் என்ன கேட்டாலும், நாடு முழுமைக்குமான கட்டாயம் இன்று இல்லை. இனி நீங்கள் பேசுவது, சொல்வதற்கு ஒன்று இருக்கிறது என்பதற்காக இருக்கட்டும்.

இரண்டு வேண்டுகோள்களோடு முடிக்கிறேன். உங்களுக்குக் கிணற்றைத் திறந்து காட்டியவர்கள், ரத்த மாதிரி கொடுத்தவர்கள், பாட்டியின் கதையைப் பதிவு செய்ய விட்டவர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். ஆய்வு நாளுக்கு அவர்களில் ஒருவரையாவது அழைத்து வாருங்கள். இன்னொன்று, அப்ஸ்ட்ராக்டை அனுப்பும் முன் வேறு துறை நண்பர் ஒருவரிடம் பென்சிலோடு கொடுங்கள். புரியாத இடத்தில் கோடு போடச் சொல்லுங்கள். கோடு விழுந்த இடங்களையெல்லாம் திருத்திவிட்டு அனுப்புங்கள்.